எலி ஒழிப்பில் கூகையின் பங்கு

காவிரி டெல்டா மாவட்டங்களில் நெல் பயிரிடும் விவசாயப் பெருமக்கள் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, புகையான் ஆகியவற்றுக்கு அஞ்சுவதைப் போலவே எலிக்கும் அஞ்சுகின்றனர். பூச்சி தாக்கிய பயிரை மருந்தடித்து ஓரளவு மீட்கலாம். பொதிப் பருவத்தில் எலி வெட்டிய தூரை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. எனவேதான் எலியைக் கண்டவுடன் நஞ்சு வைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆண்டுதோறும் நஞ்சு வைத்தும் எலித் தொல்லை நின்றபாடில்லை. இதற்கான காரணங்களையும், எலியை இரவில் வேட்டையாடும் கூகை என்னும் பறவையை நமக்குத் துணையாக்கிக் கொள்ளும் முறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

வயலில் காணப்படும் எலிகள்

டெல்டாப் பகுதி நெல் வயல்களில் மூன்று வகை எலிகள் முக்கியமானவை. முதலாவது கரம்பை எலி. உருவில் பெரியது. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஆழமாக வளை தோண்டி, வளை வாயில் மண்ணைக் குவித்து வைக்கும். கதிர்களை வெட்டி இழுத்துச் சென்று வளைக்குள் தனி அறைகளில் சேமித்து வைக்கும் பழக்கம் உடையது இதுவே. இரண்டாவது புல் எலி. மென்மையான உரோமம் கொண்ட நடுத்தர எலி. மூன்றாவது வயல் சுண்டெலி. சிறியது; வரப்பில் சிறு வளைகளில் வாழும்.

இவற்றுள் அதிகச் சேதம் விளைவிப்பது கரம்பை எலியாகும். பெண் எலி ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குச் சற்று மேல் சினையாயிருந்து ஒரு ஈற்றில் 5 முதல் 8 குட்டிகள் வரை ஈனும். உணவு கிடைக்கும் காலங்களில் அடுத்தடுத்து ஈனும். நெல் பொதி கட்டும் பருவமே எலி பெருகும் பருவமும் ஆகும். குறுவை, சம்பா, தாளடி என்று அடுத்தடுத்த வயல்களில் வெவ்வேறு வயதுப் பயிர் நிற்கும்போது, ஒரு வயலில் அறுவடை முடிந்தவுடன் எலிகள் அடுத்த வயலுக்குச் சென்றுவிடுகின்றன. தை மாதம் சம்பா அறுத்தபின் நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் நிற்கின்றன. இவ்வாறு ஆண்டில் பெரும்பகுதியும் எலிக்கு உணவு கிடைத்துவிடுகிறது.

எலி வெட்டிய தூரை எளிதில் அடையாளம் காணலாம். தண்டு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். தூர் கட்டும் பருவத்தில் வெட்டப்பட்டால் பயிர் மீண்டும் துளிர்த்து ஓரளவு ஈடு செய்துவிடும். பொதிப் பருவத்திற்குப் பின் வெட்டினால் ஈடு செய்ய இயலாது. எலி தின்பதைக் காட்டிலும் வெட்டி வீணாக்குவதே அதிகம். நாள்தோறும் ஏதாவது ஒன்றைக் கொறித்துக்கொண்டே இருந்தால்தான் ஓயாமல் வளரும் அதன் முன்பற்கள் தேயும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

கூகையை அறிந்து கொள்ளுதல்

கூகை ஆந்தைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்கூகை என்றும் இதனைக் கூறுவர். முகம் வெண்மையாக இருதய வடிவில் இருக்கும். முதுகு பொன்னிறமும் சாம்பல் நிறமும் கலந்தும், வயிறு வெண்மையாகவும் காணப்படும். நீளம் ஒரு அடிக்குச் சற்று அதிகம். பகலில் மரப்பொந்து, கோயில் கோபுரம், பாழடைந்த கட்டடம், பழைய நெற்களஞ்சியம் போன்ற இருண்ட இடங்களில் ஒடுங்கியிருந்து, இருட்டியபின் வெளியே வரும்.

இதன் குரல் மற்ற ஆந்தைகளைப் போல அலறலாக இராமல், துணியைக் கிழிப்பது போன்ற கீச்சொலியாக இருக்கும். இந்தக் குரலைக் கேட்டு அஞ்சியே கிராமங்களில் இதனைச் 'சாக்குருவி' என்று அழைத்து, கல்லால் அடித்து விரட்டுகின்றனர். கூகை கூரைமேல் வந்து அமர்வது சாவை அறிவிக்க அன்று. வைக்கோற்போரிலும் களத்திலும் நெல் மூட்டையிலும் எலி இருப்பதால்தான் வீட்டருகே வருகிறது. வடமாநிலங்களில் ஆந்தையை இலட்சுமியின் வாகனமாக வணங்குகின்றனர். அதே நாட்டில் தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்திற்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடுமையும் நடக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆந்தைகளைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் குற்றமாகும்.

கூகை வேட்டையாடும் விதம்

கூகை கண்ணை மட்டும் நம்பி வேட்டையாடுவதில்லை. காதைக் கொண்டும் வேட்டையாடுகிறது. அதன் இரு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லாமல், ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் அமைந்துள்ளன. எலி எழுப்பும் சிறு சலசலப்பு இரு காதுகளையும் அடைவதில் ஏற்படும் மிக நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு, எலி இருக்கும் இடத்தை அது துல்லியமாக அறிந்துகொள்கிறது. இருதய வடிவ முகம் ஒலியைத் திரட்டிக் காதுக்குச் செலுத்தும் முறம் போலப் பயன்படுகிறது. கும்மிருட்டில், ஒலியை மட்டும் கொண்டே எலியைப் பிடிக்கக்கூடியது இப்பறவை என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. அதன் இறகுகளின் ஓரம் பஞ்சு போன்று மென்மையாக இருப்பதால் பறக்கும் ஓசை எலிக்குக் கேட்பதில்லை.

வளர்ந்த கூகை ஒன்று ஓர் இரவில் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு எலிகளைத் தின்னும். சுண்டெலியானால் இன்னும் அதிகம். இரவுக்கு ஒன்று என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 365 எலிகளாகின்றன. குஞ்சு வளர்க்கும் காலத்தில் இந்த எண்ணிக்கை பன்மடங்கு உயரும். பெண் கூகை பொதுவாக 4 முதல் 7 முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சுகள் பறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். வளர்ந்து வரும் குஞ்சு தாய்ப் பறவைக்குச் சமமாகத் தின்னும். இரை மிகுந்த ஆண்டில் கூகை இருமுறை குஞ்சு பொரிப்பதும் உண்டு.

கூகை தின்பது எலியே என்பதற்குச் சான்று

கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் உரோமத்தையும் உருண்டையாகத் திரட்டி வாய்வழியே கக்கிவிடுகிறது. இந்தக் கக்கல் உருண்டைகள் கூகை தங்கும் இடத்தின் அடியில் கிடக்கும். இவற்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் மண்டையோடு, தாடை எலும்பு, பற்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்த இரையை எத்தனை தின்றது என்று கணக்கிடலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் வன உயிரியல் ஆய்வாளர்கள் காவிரி டெல்டாவில் இத்தகைய ஆய்வுகளை நடத்தியுள்ளனர். கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகியவையே இப்பகுதிக் கூகையின் முக்கிய இரை என்று அவற்றால் தெரியவந்துள்ளது. மூஞ்சூறும் ஓரளவு காணப்படுகிறது. நெல் மணியைக் கூகை தின்பதில்லை. ஆகவே இப்பறவையால் பயிருக்கு எவ்விதத் தீங்கும் இல்லை.

கூகை குறைவதற்கான காரணங்கள்

டெல்டாவில் கூகைக்கு இரை குறைவில்லை. குறைவாக இருப்பது அது முட்டையிட இடமும், அதன் உயிருக்குப் பாதுகாப்புமே. இதனை உணர்ந்தால் செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகும்.

1. இடமின்மை: கூகை தானே கூடு கட்டுவதில்லை. ஏற்கனவே உள்ள பொந்தையும் இடுக்கையுமே பயன்படுத்துகிறது. வயலோரத்திலும் ஆற்றங்கரையிலும் இருந்த முதிய மரங்கள் பல வெட்டப்பட்டுவிட்டன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் தென்னையோடு ஏராளமான பழைய மரங்களும் சாய்ந்தன. புதிதாக நட்ட மரத்தில் பொந்து விழப் பல்லாண்டுகள் ஆகும். ஓட்டு வீடுகளும் பழைய களஞ்சியங்களும் குறைந்து, காரைக் கட்டடங்கள் பெருகிவிட்டன. கோயில் திருப்பணியின்போது கோபுர இடுக்குகள் அடைக்கப்படுவதும் உண்டு.

2. நஞ்சு: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்த புரோமோடயலோன் போன்ற எலி மருந்துகளைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து, வெட்ட வெளியில் மெதுவாகத் திரிகிறது. அவ்வாறு திரியும் எலியே கூகைக்கு எளிதில் அகப்படும் இரை. மருந்து எலியின் ஈரலில் தங்கியிருந்து, தின்ற கூகையின் உடலிலும் சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு பல எலிகளைத் தின்ற கூகை உள்ளிரத்தக் கசிவால் இறக்கிறது. துத்தநாக பாஸ்பைடு தின்ற எலி விரைவில் இறந்துவிடுவதால் கூகைக்கு வரும் ஆபத்து குறைவு. ஆனால் அந்த நச்சுத் தானியத்தையே நேரடியாகத் தின்னும் புறா, மயில், மேய்ச்சல் வாத்து ஆகியவை மடிகின்றன. மேலும் அதனைத் தின்று பிழைத்த எலி மீண்டும் அந்த உணவைத் தொடுவதில்லை.

3. வாகனம்: நெடுஞ்சாலை ஓரத்தில் தாழப் பறந்து வேட்டையாடும் கூகைகள் இரவில் வாகனங்களில் அடிபட்டு இறக்கின்றன.

எலி ஓர் ஆண்டிலேயே பல மடங்கு பெருகும். கூகை அவ்வாறு பெருகாது. எனவே நஞ்சு வைத்தபின் முதலில் மீண்டு வருவது எலியே ஆகும். அப்போது அதனைத் தின்னக் கூகை இருப்பதில்லை. அடுத்த ஆண்டு நஞ்சின் அளவைக் கூட்ட வேண்டிய நிலை ஏற்படுகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லைக்குக் கூகைப் பெட்டிகளை வைத்து வளர்க்கும் முறை பல ஆண்டுகளாகக் கையாளப்பட்டு வருகிறது. இஸ்ரேலில் 1983-ஆம் ஆண்டு ஒரு கூட்டுப்பண்ணையில் சில பெட்டிகளுடன் தொடங்கிய முயற்சி நாடெங்கும் பரவியது. பின்னர் அண்டை நாடான ஜோர்டானும் பாலஸ்தீன விவசாயிகளும் இதில் இணைந்தனர்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2021-ஆம் ஆண்டு கோதுமைப் பண்ணைகளில் சுண்டெலிகள் கட்டுக்கடங்காமல் பெருகின. புரோமோடயலோன் கலந்த தானியத்தைப் பண்ணைகளில் பயன்படுத்த அனுமதிக்குமாறு மாநில அரசு கோரியது. செத்த எலிகளைத் தின்னும் அந்நாட்டுப் பறவைகளும் விலங்குகளும் மடியும் என்று கூறி, பூச்சிமருந்துகளுக்கான தேசிய ஆணையம் அனுமதி மறுத்துவிட்டது. எலியின் தொல்லை உச்சத்தில் இருந்தபோதும் எலியைத் தின்னும் உயிர்களைக் காக்க வேண்டும் என்று அந்த ஆணையம் கருதியது நாம் கவனிக்கத்தக்கது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

அ) பறவைத் தாங்கிகள்: கூகை அமர்ந்து காதைத் தீட்டிக்கொள்ள உயரமான இடம் வேண்டும். பரந்த நெல் வயலில் அத்தகைய இடம் இல்லை. ஆகவே நடவு முடிந்தவுடன் ஹெக்டேருக்கு 40 முதல் 50 தாங்கிகள் வரை நட வேண்டும். மூங்கில் கழியின் நுனியில் குறுக்குக் கட்டை ஒன்றைக் கட்டி நடலாம். காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றினாலும் போதும்; இதற்குச் செலவில்லை. தாங்கி பயிரின் உயரத்திற்கு மேல் மூன்றடியாவது இருக்க வேண்டும். வரப்பை ஒட்டியும் எலி வளைகள் உள்ள இடங்களிலும் நெருக்கமாக நடவேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டி நடுதல் கூடாது. பகலில் இதே தாங்கியில் கரிச்சான் அமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். கதிர் முற்றும் பருவத்தில் நெல் தின்னும் குருவிகள் கூட்டமாக வந்து அமர்ந்தால், பகலில் அவற்றை விரட்டக் காவல் வைக்க வேண்டும்.

ஆ) கூகைப் பெட்டிகள்: தாங்கி கூகையை வரவழைக்கும், நிலையாகத் தங்க வைப்பது பெட்டியே. ஏறத்தாழ 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள மரப்பெட்டி போதுமானது. ஒரு பக்கத்தில் 6 அங்குலச் சதுர வாயில் வைக்க வேண்டும். வாயில் பெட்டியின் அடித்தட்டிலிருந்து சற்று உயரமாக இருந்தால் குஞ்சுகள் விழாமல் இருக்கும். மழைநீர் வடியுமாறு கூரையைச் சாய்வாக அமைத்து, அடித்தட்டில் சிறு துளைகள் இடவேண்டும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் உள்ளே அடிக்காதவாறு வாயிலை வேறு திசையில் வைத்தல் நல்லது. தரையிலிருந்து 12 அடிக்குக் குறையாத உயரத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், மரத்திலோ, மோட்டார் கொட்டகைச் சுவரிலோ, தனிக் கம்பத்திலோ பொருத்தலாம். முதல் ஆண்டில் கூகை வராவிட்டாலும் பெட்டியை அகற்றக் கூடாது. தனக்கென்று பரந்த வேட்டை எல்லையை வகுத்துக்கொண்டு பிற கூகைகளை விரட்டும் வழக்கம் கூகையிடம் அதிகமில்லை. எனவே இரையும் இடமும் இருந்தால் ஒரே ஊரில் பல இணைகள் வாழும். அடைகாக்கும் காலத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தால் தாய்ப்பறவை பெட்டியைக் கைவிட்டுவிடக் கூடும்.

இ) பழைய மரங்களும் கோயில்களும்: பொந்துள்ள இலுப்பை, புளி, ஆல், அரசு, மருது போன்ற மரங்களை விறகுக்காக வெட்டாமல் விட வேண்டும். தலை முறிந்து நிற்கும் பட்டுப்போன தென்னையையும் பனையையும், வீட்டுக்கோ பாதைக்கோ ஆபத்தில்லையெனில், நிற்க விடலாம். ஊர்க்கோயில் திருப்பணி நடக்கும்போது கூகை தங்கும் இடுக்கு ஒன்றையாவது அடைக்காமல் விடுமாறு ஊர்ப் பெரியவர்கள் சொல்லலாம்.

ஈ) வரப்பும் வளையும்: வரப்பு பருமனாக இருந்தால் எலி குடியேறும். ஒன்றரை அடி அகலமும் ஒரு அடி உயரமும் கொண்ட குறுகிய வரப்பே போதும். வரப்பில் புல் மண்டாமல் செதுக்க வேண்டும். கூகையும் மறைவற்ற வரப்பில்தான் எளிதாக எலியைப் பிடிக்க முடியும். மேட்டூர் நீர் வருமுன், சித்திரை, வைகாசி மாதங்களில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வளைகளைத் தோண்டி எலிகளை அழிக்க வேண்டும். அப்போது எலிகள் தொகையில் குறைந்து, வாய்க்கால் கரைகளிலும் மேட்டு வரப்புகளிலும் ஒதுங்கியிருக்கும். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் எலி வந்து சேரும்.

உ) தஞ்சாவூர் கிட்டி: மூங்கிலால் செய்யப்படும் வில்பொறியான தஞ்சாவூர் கிட்டி நம் பகுதிக்கே உரிய சிறந்த கருவியாகும். இது எலியை மட்டும் பிடிக்கிறது. நஞ்சு எதையும் வயலில் விடுவதில்லை. கிட்டி வைப்பதில் தேர்ந்தவர்கள் பிடிபடும் எலிக் கணக்கில் கூலி பெற்று வயல் வயலாகச் செய்து வருகின்றனர். நடவு முடிந்த முதல் வாரங்களிலேயே கிட்டி வைத்தால், பொதிப் பருவத்தில் ஈனும் எலிகள் முன்னதாகவே குறைந்துவிடும்.

ஊ) நஞ்சைக் கடைசியில் வைத்தல்: மேற்கண்ட முறைகளால் கட்டுப்படாதபோது மட்டும், வேளாண்மை அலுவலரின் ஆலோசனை பெற்று நஞ்சுணவை வளைக்குள் வைத்து மூட வேண்டும். வரப்பில் இறைத்தல் கூடாது. செத்த எலிகளை நாள்தோறும் காலையில் சேகரித்து ஆழப் புதைக்க வேண்டும். கூகை குஞ்சு வளர்க்கும் பெட்டி உள்ள வயலில் புரோமோடயலோன் வகை மருந்தை அறவே தவிர்க்க வேண்டும். எலிக்கென்று வயலில் மின்கம்பி இழுப்பது சட்டப்படி குற்றமாகும். இதனால் தமிழ்நாட்டில் பல மனித உயிர்கள் பறிபோயுள்ளன.

துணை நிற்கும் பிற உயிர்கள்

கூகையால் வளைக்குள் நுழைய முடியாது. அந்த வேலையைச் சாரைப்பாம்பு செய்கிறது. சாரைக்கு நஞ்சில்லை. ஒரு காலத்தில் தோலுக்காக இப்பாம்புகள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1976-ஆம் ஆண்டு பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஆயினும் நல்லபாம்பு என்று எண்ணி இன்றும் சாரையை அடிக்கின்றனர். பகலில் கருந்தோள் பருந்து வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலியைத் தேடும். கீரியும் நரியும் எலியைத் தின்பவையே.

எலிக்கு மட்டுமன்றிப் பூச்சிகளுக்கும் இதே நிலைதான். தவளைக் கால்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து வந்ததை 1987-ஆம் ஆண்டு மத்திய அரசு தடை செய்தது. வயல்களில் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்து வந்ததே அதற்கு முக்கிய காரணமாகக் கூறப்பட்டது.

சில ஐயங்கள்

'கூகை மட்டுமே எலியை ஒழித்துவிடுமா?' என்று விவசாயிகள் கேட்பதுண்டு. ஒழிக்காது. இரை முற்றிலும் தீர்ந்தால் கூகையும் வாழ முடியாது. எலி கட்டுமீறிப் பெருகிய ஆண்டில் கூகையால் மட்டும் அதனை அடக்கவும் இயலாது. கிட்டியாலும் வளை தோண்டுவதாலும் குறைந்த எலித் தொகை மீண்டும் விரைவாகப் பெருகாமல் தடுப்பதே கூகையின் பணி. இந்தப் பணிக்கு அது கூலி கேட்பதில்லை.

'எங்கள் ஊரில் கூகையே இல்லையே' என்பது மற்றொரு ஐயம். பகலில் ஒடுங்கியிருக்கும் பறவை என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. கோயில் மண்டபம், பாழடைந்த கட்டடம், பெரிய மரப்பொந்து ஆகியவற்றின் அடியில் எலி எலும்பும் உரோமமும் கலந்த கக்கல் உருண்டைகள் கிடக்கின்றனவா என்று பார்த்தால் கூகை இருப்பதை அறியலாம்.

'பக்கத்து நிலத்துக்காரர் நஞ்சு வைத்தால் நான் பெட்டி வைத்து என்ன பயன்?' என்பதும் நியாயமான கேள்வியே. கூகை ஒருவருடைய வயலோடு நிற்பதில்லை. ஆகையால் இதனை ஒரு மடையின் கீழ்ப் பாசனம் பெறும் விவசாயிகள் கூடிச் செய்வதே சிறந்தது. வளை தோண்டும் நாள், கிட்டி வைக்கும் வாரம், பெட்டிகள் வைக்கும் இடங்கள், நஞ்சு வைப்பதில்லை என்ற உடன்பாடு ஆகியவற்றைக் குறுவை தொடங்குமுன்னரே ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து கொள்ளலாம். மேலும் விளக்கம் தேவைப்படுவோர் ஆடுதுறை தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ, நீடாமங்கலம், சிக்கல் ஆகிய இடங்களிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்களையோ அணுகலாம்.

எலியைப் பிடிக்கும் பறவையைச் சாக்குருவி என்று அடித்து விரட்டிவிட்டு, அதே எலிக்குக் கடையில் நஞ்சு வாங்குவது நமக்கு இரட்டை நட்டமாகும். வரும் சம்பாப் பருவத்தில் நடவு முடிந்தவுடன் வயலில் தென்னை மட்டைகளை ஊன்றி, ஊருக்குச் சில பெட்டிகளையாவது வைத்து, கூகைகள் நிலையாகத் தங்க விவசாயப் பெருமக்கள் ஆவன செய்ய வேண்டும்.